காவலும் கணக்கும்

நெல்வயல் சூழ்ந்த ஊர்களில் வாழ்வோர்க்கு இரவுக் காவல் புதிய செய்தியன்று. எங்கள் சம்மாந்துறையைச் சுற்றிப் பரந்து கிடக்கும் வட்டைகளில் கதிர் பால் கட்டத் தொடங்கியதும் பரண்கள் எழும். காட்டோரத்துக் கண்டங்களுக்கு யானை வரும். பன்றிக் கூட்டம் எங்கும் வரும். ஒரே இரவில் ஒரு போகத்தின் உழைப்பு மண்ணோடு மண்ணாகிவிடும். ஆதலின் பகல் முழுதும் வேலை செய்து களைத்தவனே இரவிலும் விழித்திருக்க வேண்டியவன் ஆகிறான்.

அக்காவலில் ஒரு நுட்பம் உண்டு. பரணில் இருப்பவன் தன் வயலை மட்டும் பார்த்துக்கொண்டு இருப்பதில்லை. இடையிடையே அடுத்த பரணை நோக்கி ஒரு கூவல் கொடுப்பான். “ஓ, காக்கா!” என்று இங்கிருந்து ஒரு குரல் எழும், “ஓ!” என்று அங்கிருந்து ஒரு குரல் வரும். அந்தக் குரல் அதற்கும் அப்பால் உள்ள பரணுக்குப் போகும். இவ்வாறே வட்டை முழுவதும் ஒரு குரல் வலம் வரும். மறுமொழி வராவிட்டால் கூவியவன் வாளாவிருப்பதில்லை. பந்தத்தைக் கொளுத்திக்கொண்டு வரப்பு வழியே இறங்கி நடப்பான். அங்கே இருப்பவன் அயர்ந்து உறங்கியிருக்கலாம், காய்ச்சலில் கிடக்கலாம், பாம்பு தீண்டியிருக்கவும் கூடும். எதுவாயினும் போய்ப் பார்ப்பதே வழக்கம்.

இறைநம்பிக்கையுடைய வாழ்வில் விழிப்பு என்பது யாது, அவ்விழிப்பை மனிதர் கூடிக் காப்பது எவ்வாறு என்பதே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள். பெரிய நூல்களுக்குள் புகுமுன் இந்தப் பரணையும் அந்தக் குரலையும் மனத்தில் இருத்திக்கொள்ளும்படி நேயர்களை வேண்டுகிறேன். ஏனெனில் இஸ்லாமிய வரலாற்றில் இப்பொருளைக் குறிக்க எழுந்த சொல்லே காவலிலிருந்து பிறந்த சொல்லாகும்.

அச்சொல் ‘றிபாத்’ என்பது. கட்டுதல், பிணித்தல் என்னும் பொருளுடைய அறபு வேரிலிருந்து வந்தது. எல்லைப்புறத்தில் குதிரைகளைக் கட்டி வைத்து, எந்நேரமும் ஆயத்தமாய் நிற்றலை அது முதலிற் குறித்தது. திருக்குர்ஆனின் மூன்றாம் அத்தியாயமாகிய ஆல இம்றானின் கடைசி வசனம் நம்பிக்கையாளருக்கு நான்கு கடமைகளை விதிக்கின்றது. பொறுத்தல், பொறுமையில் ஒருவரோடொருவர் ஊன்றி நிற்றல், காவலில் நிற்றல், இறைவனை அஞ்சுதல் என்பன அவை. இங்கே காவல் என்பதைக் குறிக்கும் சொல் றிபாத்தின் வேரிலிருந்து வந்ததே. நான்கு கட்டளைகளும் பன்மையில் அமைந்திருத்தல் கருதத்தக்கது. தனியொருவன் தன் அறையில் இருந்து செய்து முடிக்கும் காரியமாக அவ்வசனம் விழிப்பைக் கருதவில்லை.

வட ஆபிரிக்காவின் கடற்கரையில் இன்றைய தூனிசியா நாட்டிலே இச்சொல் கல்லும் சுண்ணமுமாக வடிவெடுத்தது. மொனஸ்தீர் என்னும் பட்டினத்துக் காவற்கோட்டை 796 ஆம் ஆண்டு, கலீபா ஹாறூன் றஷீதின் காலத்தில் எழுந்தது. அடுத்துள்ள ஸூஸ் நகரத்துக் கோட்டை 821 ஆம் ஆண்டுக் கல்வெட்டினைத் தாங்கி நிற்கின்றது. இரண்டும் றிபாத் என்றே வழங்கப்பெறும். அவற்றில் உயர்ந்த காவற்கோபுரமும் உண்டு. தொழுகைக் கூடமும் உண்டு. முற்றத்தைச் சுற்றிச் சிறு சிறு அறைகளும் உண்டு. இரவில் கோபுரத்தின் மீது நின்று கடலைப் பார்த்தவர்களே கீழே இறங்கி நின்று வணங்கினர். கடல்வழி வரும் பகைவனை நோக்கிய கண், உள்ளத்துள் நுழையும் பகைவனையும் நோக்கப் பழகிற்று.

காலம் செல்லச் செல்ல அந்தப் பொருள் மேலும் உள்முகமாகத் திரும்பிற்று. ஒரு தொழுகையை முடித்தபின் அடுத்த தொழுகைக்காக நெஞ்சம் காத்திருத்தலையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் றிபாத் என்றே குறித்ததாக ஹதீஸ் நூல்கள் அறிவிக்கின்றன. அவ்வாறாயின் எல்லைப்புறம் என்பது தூரதேசத்திலே மட்டும் இல்லை. உழவன் வீட்டு முற்றத்திலும் வணிகன் கடைப்படியிலும் ஆசிரியன் மேசையிலும் உள்ளது என்பது பெறப்படும்.

ஆயினும் இங்கே ஓர் இடர் உண்டு. காவல் என்னும் சொல் இருபுறம் கூர்மையுடைய கத்தி போன்றது. பிறர் துயரைக் காண விழித்திருப்பதும் காவல். பிறர் குற்றத்தைக் காண ஒளிந்திருப்பதும் தன்னைக் காவல் என்றே சொல்லிக்கொள்ளும். இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவதற்கு இரண்டாம் கலீபாவாகிய உமர் (றழி) அவர்களின் வரலாற்றில் வழங்கும் இரு செய்திகள் நமக்குத் துணையாகும். அவர் ஆட்சி செலுத்தியது 634 முதல் 644 வரை. மதீனா நகரின் தெருக்களில் இரவு வேளை தாமே சுற்றி வருதல் அவருடைய வழக்கம் என்பர்.

ஓரிரவு நகர்ப்புறத்தே நெருப்பு எரியக் கண்டு அவர் அணுகினார். ஒரு பெண் அடுப்பில் பானையை ஏற்றியிருந்தாள். சுற்றிலும் குழந்தைகள் பசியால் அழுதுகொண்டிருந்தன. பானைக்குள் உணவு எதுவும் இல்லை. உணவு வேகின்றது என்று நம்பிக் குழந்தைகள் உறங்கிவிடட்டும் என்பதற்காகவே அவள் அதனை எரித்துக்கொண்டிருந்தாள். வந்தவர் இன்னார் என்று அறியாத அவள், தங்கள் நிலையை அறியாத கலீபாவைக் குறித்து நொந்து பேசினாள். உமர் விரைந்து பொதுக்களஞ்சியத்துக்குச் சென்று மாவு மூட்டையைத் தம் முதுகில் ஏற்றினார். உடன் வந்தவர் தாம் சுமப்பதாகக் கூறியபோது, மறுமை நாளில் என் சுமையை நீ சுமப்பாயோ என்று அவர் கேட்டதாக வரலாறு கூறும். தாமே மாவைக் கிளறி உணவு சமைத்து, குழந்தைகள் உண்டு சிரிக்கும்வரை அங்கேயே இருந்தார்.

மற்றொரு செய்தியும் உண்டு. வேறோர் இரவில் ஒரு வீட்டிலிருந்து வந்த ஓசை அவருக்கு ஐயத்தை விளைவித்தது. சுவரேறி உள்ளே நோக்கினார். வீட்டுக்காரன் மது அருந்திக்கொண்டிருந்தான். கலீபா கடிந்துகொண்டார். அவனோ அஞ்சாது விடையளித்தான். தான் செய்தது ஒரு குற்றம். கலீபா செய்தவையோ மூன்று. பிறர் மறைவைத் துருவுதல் குர்ஆன் விலக்கியது. வாயில் வழியன்றி வீட்டில் நுழைதல் விலக்கப்பட்டது. அனுமதியும் ஸலாமும் இன்றிப் புகுதலும் விலக்கப்பட்டது. உமர் அதனை ஒப்புக்கொண்டு திரும்பினார் என்பர். இமாம் கஸ்ஸாலி இச்செய்தியைத் தம் பெருநூலில் எடுத்தாள்கின்றார்.

ஒரே மனிதர், ஒரே நகரம், ஒரே இரவுக் காவல். ஒன்றிலே அவர் மூட்டையைச் சுமந்தார். மற்றொன்றிலே சுவரில் ஏறினார். அண்டை வீட்டுக்குள் பசி உண்டா என்று பார்ப்பது கடமை. அண்டை வீட்டுக்குள் பாவம் உண்டா என்று துருவுவது மீறல். இந்த வேறுபாட்டைப் பேரரசர் ஒருவரே தவறிக் கற்க நேர்ந்தது எனின், நம்மைப் போன்றோர் எத்துணை எச்சரிக்கையோடு இருத்தல் வேண்டும்!

இவ்வேறுபாட்டை நான் நூலிலே படித்தது முன்னர்; உணர்ந்தது பின்னர். ஆசிரியத் தொழிலில் நான் புகுந்த தொடக்க ஆண்டுகளில் ஒரு கிராமப் பாடசாலையில் பணியாற்றினேன். காலை மணி அடித்ததும் வாயிலில் நின்று, பிந்தி வருவோரைக் குறித்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு. அதில் நான் தவறியதே இல்லை. ஒரு மாணவன் தொடர்ந்து பிந்தி வந்தான். வந்தாலும் வகுப்பில் உறங்கினான். அவனை வெயிலில் நிறுத்தினேன். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ அவன் தலையைக் குனிந்தவாறு, “வாப்பாக்கு ஏலாது சேர். நான்தான் ராவையில வட்டைக்குக் காவலுக்குப் போறன்” என்றான். அந்தச் சிறுவன் இரவெல்லாம் பரணில் விழித்திருந்தான். பதிவேட்டைப் பிடித்துக்கொண்டு வாயிலில் நின்ற நானே உறங்கியவன். அன்று மாலை அவன் வீட்டுக்குப் போனேன். ஆனால் நான்கு நாள் முன்னரே போயிருக்க வேண்டியவன் அன்றோ? இன்று அதிபராக இருந்து வரவுப் பதிவேட்டில் ஒப்பமிடும் ஒவ்வொரு காலையிலும் அந்த முகம் என் முன் நிற்கின்றது.

இனி, தன்னைத் தான் காத்தல் என்னும் பகுதிக்கு வருவோம். பசறா நகரிற் பிறந்து பக்தாதில் வாழ்ந்து 857 ஆம் ஆண்டிலே காலமான ஹாரித் என்னும் ஞானியாரை உலகம் ‘முஹாஸிபீ’ என்றே அழைக்கின்றது. கணக்குப் பார்ப்பவர் என்பது அதன் பொருள். அவர் பார்த்த கணக்கு தம் உள்ளத்தின் கணக்கு. அவர் வழி வந்த சிந்தனையைச் செழுமைப்படுத்தியவர் இமாம் கஸ்ஸாலி அவர்கள். 1058 இல் தூஸ் நகரிற் பிறந்து, பக்தாதின் நிஸாமிய்யாக் கலாசாலையில் தலைமைப் பேராசிரியராய் விளங்கி, புகழின் உச்சியில் இருந்தபோதே 1095 இல் அப்பதவியைத் துறந்து வெளியேறியவர். 1111 இல் மறைந்தவர். நாற்பது பாகங்கள் கொண்ட இஹ்யா உலூமித்தீன் என்னும் அவரது பெருநூலின் முப்பத்தெட்டாம் பாகம் கண்காணிப்பையும் கணக்கையும் பற்றியது. மேலே நாம் கூறிய ஆல இம்றான் வசனத்தையே அடிப்படையாகக் கொண்டு, காவலுக்கு ஆறு படிகளை அவர் வகுத்துக் காட்டுகின்றார்.

அவர் கையாளும் உவமை வணிகர்களாகிய நம் முன்னோர்க்கு எளிதில் விளங்கக்கூடியது. அறிவு என்பது முதல் போட்ட வணிகன். மனம் என்பது அம்முதலைக் கொண்டு தொழில் நடத்தும் பங்காளி. காலையிலே பங்காளியோடு உடன்படிக்கை செய்தல் முதற்படி. நாள் முழுதும் அவன் நடவடிக்கையைக் கவனித்தல் இரண்டாம் படி. மாலையிலே வரவு செலவு பார்த்தல் மூன்றாம் படி. நட்டம் விளைவித்திருப்பின் தக்க தண்டம் விதித்தல் நான்காவது. இழந்ததை மீட்கக் கடுமையாக உழைத்தல் ஐந்தாவது. மீண்டும் சோர்வடையாதிருக்கும்படி கடிந்துரைத்தல் ஆறாவது. கையில் உள்ள முதல் யாது? ஆயுள். ஒரு நாள் கழிந்தால் அதனை எந்தச் சந்தையிலும் திரும்ப வாங்க முடியாது.

இந்த ஆறு படிகளிலும் பங்காளியாக நிற்பது நம் சொந்த மனமே என்பது குறிப்பிடத்தக்கது. பிறருடைய கணக்குப் புத்தகத்தைத் திறக்குமாறு இமாம் அவர்கள் ஓரிடத்திலும் கூறவில்லை. எனினும் தனியே இருந்து தன் கணக்கைத் தானே நேர்மையாகப் பார்ப்பவர் மிகச் சிலர். பங்காளியோடு சேர்ந்து முதலாளியும் களவு செய்யத் தொடங்கிவிடுவது உண்டு! ஆகவேதான் கூட்டுறவு தேவைப்படுகின்றது. நம்பிக்கையாளன் நம்பிக்கையாளனுக்குக் கண்ணாடி என்னும் கருத்து நபிமொழிகளிலே வருகின்றது. கண்ணாடி தன் முன் நிற்பவனுக்கே கறையைக் காட்டும். அவன் அகன்றபின் அதனைப் பிறர்க்குக் காட்டுவதில்லை.

இக்கருத்துக்கள் எங்கள் கரைக்கு எப்படி வந்து சேர்ந்தன? சம்மான் என்னும் கலங்கள் வந்தடைந்த துறையே சம்மாந்துறை என ஊர்ப்பெயருக்கு விளக்கம் கூறுவர். கடல்வழி வந்த வணிகத்தோடும் நிலத்தில் வேரூன்றிய உழவோடும் கிழக்கின் முஸ்லிம்கள் பன்னூற்றாண்டுகளாக வாழ்ந்து வருகின்றனர். 1626 ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் தம் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களுக்குப் புகலிடம் அளித்தான். அவர்களுள் ஏறக்குறைய நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான் என்று போர்த்துக்கேயப் பாதிரியாராகிய குவைறோஸ் எழுதிய வரலாறு கூறுகின்றது. புகலிடம் பெற்றவரின் வழித்தோன்றல்கள் நம்மிடையே பலர் உளர். புகலிடம் தருவது எத்தகைய அறம் என்பதை நாம் மறக்கலாகாது; இவ்வுரையின் பிற்பகுதியில் அதனை மீண்டும் எண்ண நேரும்.

கிழக்கிலே தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிமுறையைப் பொதுவாகப் பெற்றவர்கள். முஸ்லிம் ஊர்களில் ஒவ்வொரு குடியும் பள்ளிவாசல் நிருவாகத்துக்குத் தனக்கென ஒரு மரைக்காயரை அனுப்பும் வழமை இருந்தது. பள்ளிவாசல் நம்பிக்கையாளர் பதவி 1956 ஆம் ஆண்டின் வக்பு சட்டத்தின் கீழ் நாடு முழுவதும் ஒழுங்குபடுத்தப்பட்டது. அதற்கு முன்னரே குடிகளின் கூட்டுப் பொறுப்பு இங்கு நிலைத்திருந்தது. ஒரு குடியில் விதவை ஒருத்தி பட்டினி கிடந்தால், ஒரு குமரின் கலியாணம் தடைப்பட்டால், இரு சகோதரர் வரப்புச் சண்டையில் பேச்சை நிறுத்தினால், அச்செய்தி மரைக்காயர் காதுக்கு எட்டும். பரணில் எழும் மறுகுரலைப் போன்ற ஓர் ஏற்பாடு இது. இம்முறையிலே குறைகளும் இருந்தன. குடிப்பெருமையும் பதவிப் போட்டியும் புகுந்த இடங்கள் உண்டு. ஆனால் ஒருவர் துயரம் மற்றொருவர் பொறுப்பு என்னும் அடிப்படை அதனுள் இருந்தது.

உள்ளத்தின் காவலைக் கூடிச் செய்யும் பழக்கத்தைத் தழைக்கச் செய்தவர்களுள் கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் தலையாயவர். இமாமுல் அறூஸ் என்று போற்றப்படும் ஸெய்யிது முஹம்மது ஆலிம் அவர்கள் 1816 இல் காயல்பட்டினத்தில் பிறந்து 1898 இல் மறைந்தார்கள். இலங்கைக்குப் பன்முறை வந்து மார்க்கம் போதித்தார்கள். அறபு எழுத்தில் தமிழை எழுதும் அறபுத்தமிழில் அவர்கள் இயற்றிய மஃகானி, கலாசாலை காணாத எளிய மக்களுக்கும் மார்க்கச் சட்டத்தை எடுத்துச் சென்றது. அவர்கள் தொகுத்த ஜலாலிய்யா றாத்திபு தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கிழமைதோறும் பலர் கூடி ஓதும் வழிபாடாயிற்று. வாரம் ஒருமுறை விளக்கொளியில் வட்டமாக அமர்ந்து, ஒரே குரலில் இறைவனை நினைத்தல் எளிய மனிதனுக்கு ஓர் ஊன்றுகோல். தான் சோர்ந்த கிழமையில் அடுத்தவன் குரல் அவனைத் தாங்கும். அடுத்தவன் சோர்ந்த கிழமையில் இவன் குரல் அவனைத் தாங்கும்.

றமழான் மாதத்துப் பின்னிரவும் அவ்வாறே. கடிகாரமும் கைத்தொலைபேசியும் இல்லாத நாட்களில், ஸஹர் உணவுக்கு ஊரை எழுப்பும் பணியைப் பாவாமார் ஏற்றிருந்தனர். றபானைத் தட்டிப் பைத்துப் பாடிக்கொண்டு வீதிவீதியாக வருவர். அந்த ஒலி தொலைவிலே கேட்கும்போதே வீடுகளில் ஒவ்வொன்றாக விளக்கு எழும். பெண்களே முதலில் எழுவர், அடுப்பை மூட்டுவர், உறங்கும் பிள்ளைகளைத் தட்டி எழுப்புவர். பக்கத்து வீட்டில் விளக்கு எரியவில்லையென்றால் வேலியருகே நின்று கூப்பிட்டு எழுப்பாமல் எந்தப் பெண்ணும் தன் சோற்றில் கை வைப்பதில்லை. நோன்பு என்பது ஒருவருக்கும் இறைவனுக்கும் இடையே உள்ள இரகசியம். அதற்கான விழிப்போ ஊரின் பொதுச்சொத்து. றமழான் முடிவிலே பெருநாள் தொழுகைக்கு முன்னதாகக் கொடுக்கப்படும் பித்றா அரிசியும் இதனையே வலியுறுத்துகின்றது. பெருநாள் விடியலில் எந்த வீட்டிலும் அடுப்பு எரியாமல் இருத்தலாகாது.

விழிப்பு என்பது கல்வி விழிப்பும் ஆகும். கண்டியிற் பிறந்த அறிஞர் சித்திலெப்பை 1882 ஆம் ஆண்டு ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கிச் சமுதாயத்தைத் தட்டி எழுப்பினார். அவரும் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்களும் ஒரே ஆண்டில், 1898 இல், மறைந்தனர் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. எங்கள் கரைக்கு அந்த விழிப்பைக் கொணர்ந்தவர்களுள் ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள் முதன்மையானவர். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையிற் பிறந்து, சிவில் சேவையிற் புகுந்த முதல் இலங்கை முஸ்லிமாகிய அவர், போர்க்காலத்தில் 1942 ஆம் ஆண்டு உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தார். வந்த கடமை உணவு உற்பத்தி. நெல் விளைவித்தலோடு அவர் நின்றுவிடவில்லை. அதே ஆண்டிலே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் உருவாகத் துணை நின்றார். திறமையிருந்தும் வசதியின்றிப் படிப்பை நிறுத்தும் பிள்ளைகளை அவர் கண்டார். கண்டதன் பயனாக 1945 இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி தோன்றியது. கிழக்கிலே வாழ்ந்த சுவாமி விபுலாநந்தருடன் நெருங்கிப் பழகினார். வயிற்றுக்கு நெல் சேர்க்க வந்தவர் அறிவுப் பசியையும் கண்டார். மாவு மூட்டையைச் சுமந்த கலீபாவின் வழியும் அதுவே.

நேயர்களே, இதுவரை நமக்கு இனிய செய்திகளையே கூறினேன். கணக்கு என்று சொன்னபின் வரவை மட்டும் படித்துச் செலவை மறைப்பது நேர்மையாகாது. கிழக்கின் காவல் சோதிக்கப்பட்ட காலங்கள் உண்டு.

1990 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 3 ஆம் நாள் இரவு, காத்தான்குடியின் இரு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றிருந்தோர் மீது விடுதலைப் புலிகள் சுட்டனர். நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் சிறுவரும் இருந்தனர். அந்த இரவை நாம் மறவோம். ஆனால் அதே மாதம் 12 ஆம் நாள், சம்மாந்துறையை அடுத்துள்ள வீரமுனையிலே பிள்ளையார் ஆலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழ் மக்கள் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டனர். அச்செயலில் முஸ்லிம் ஊர்காவற் படையினருக்குப் பங்கு இருந்தது என்று பதிவுகள் கூறுகின்றன. ஊர்காவல்! எத்துணை உயர்ந்த சொல்! றிபாத் என்பதன் தூய தமிழே அதுவன்றோ? அந்தச் சொல்லைத் தாங்கியவர்களின் கையாலேயே, புகலிடம் தேடிய அண்டை வீட்டாரின் உயிர் போயிற்று. புகலிடம் பெற்று இம்மண்ணில் ஊன்றிய ஒரு சமுதாயத்தின் கணக்கேட்டில் அந்தப் பக்கம் உள்ளது.

அப்பொழுது நான் இளைஞன். எங்கள் மத்தியில் இழப்பைப் பற்றிய பேச்சே மிகுதியாக இருந்தது, வீரமுனையைப் பற்றித் தாழ்ந்த குரலில் சிலர் பேசினர், பலர் பேசவில்லை. நான் பேசாதவருள் ஒருவன். காத்தான்குடியை நினைவுகூர்பவர் வீரமுனையை மறப்பதும், வீரமுனையை நினைவுகூர்பவர் காத்தான்குடியை மறப்பதும் பங்காளியோடு சேர்ந்து கணக்கைத் திருத்துவதாகும். கஸ்ஸாலி இமாம் அவர்களின் மூன்றாம் படி நம் கடன்காரரின் பெயர்களை எழுதுவதற்கு அன்று. நாம் பட்ட கடனை எழுதுவதற்கு.

வேறொரு சோதனையில் அதே ஊர்கள் வேறுவிதமாக நடந்துகொண்டன. 2004 டிசம்பர் 26 காலை ஆழிப்பேரலை வந்தபோது, இலங்கையில் மிக அதிகமான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மடிந்தனர். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது ஆகிய கரையோரங்கள் நொறுங்கின. கடலிலிருந்து உள்ளே தள்ளியிருந்த சம்மாந்துறைக்கு மக்கள் ஓடி வந்தனர். பள்ளிவாசலும் பாடசாலையும் வீடும் திறந்தன. அன்று எவரும் கூட்டம் கூடித் தீர்மானம் நிறைவேற்றவில்லை. உலையில் இருந்த சோறு அப்படியே வெளித்திண்ணைக்கு வந்தது. வந்தவர் எந்தக் குடி, எந்த மதம் என்று வாயிலில் நின்று பதிவேடு பார்த்தவர் இல்லை. மறுகுரல் கேளாதபோது பந்தத்துடன் இறங்கி நடக்கும் காவலை அன்று நான் கண்ணாரக் கண்டேன்.

மூன்றாவது சோதனை 2019 ஆம் ஆண்டு ஏப்பிரலில் வந்தது. உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். அப்பழியைச் செய்தோர் தம்மை விழிப்புற்ற முஸ்லிம்கள் எனக் கருதினர். பிறருடைய நம்பிக்கையைத் துருவித் துருவி, கப்றடியிலும் கந்தூரியிலும் குற்றம் கண்டு, ஈற்றில் மனித உயிரின் மதிப்பையே இழந்தனர். சுவரேறும் காவல் தன் எல்லையை அடையும் இடம் அது. அவர்களுடைய போக்கைக் குறித்து அவர்களின் சொந்த ஊர் முஸ்லிம்களே முன்னர் அதிகாரிகளிடம் முறையிட்டிருந்தனர் என்பதும் வரலாற்றில் பதிய வேண்டும். ஏப்பிரல் 26 இல் சாய்ந்தமருதில் புதிதாக வந்து தங்கியவர்கள் மீது ஐயுற்று அறிவித்தவர்களும் அவ்வூர் மக்களே. அறிவித்த அயலவர் செய்தது துருவலா என ஒருவர் வினவலாம். அன்று. அயல்வீட்டான் எப்படித் தொழுகிறான் என்று பார்ப்பது துருவல். அயல்வீட்டில் பிறர் உயிருக்கு ஆபத்து உருவாகும்போது குரல் கொடுப்பது காவல். பன்றி வரும்போது கூவாதவன் பரணில் இருந்து என்ன பயன்?

இவற்றிலிருந்து நாம் பெறும் தெளிவு யாது? விழிப்புக்கு இரு கால்கள் உண்டு. ஒன்று தன் நெஞ்சின் கணக்கைத் தானே பார்த்தல். மற்றொன்று அயலவனின் துயரத்துக்குச் செவிகொடுத்தல். முதற்காலை இழந்த விழிப்பு, பிறரைக் காவல் செய்யப் புறப்பட்டுக் கொடுமையில் முடியும். இரண்டாம் காலை இழந்த விழிப்போ தன் மூலையில் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருக்கும். அண்டை வீட்டுப் பானையில் தண்ணீர் மட்டும் கொதிப்பதை அறியாது.

இன்று ஸஹருக்கு எழுப்பக் கைத்தொலைபேசி உண்டு. பாவாவின் றபான் ஒலி குறைந்துவிட்டது. அது குறித்துப் புலம்ப நான் வரவில்லை. ஆனால் ஒன்று கேட்பேன். கைத்தொலைபேசி நம்மை எழுப்பும். பக்கத்து வீட்டில் விளக்கு எரியாததை நமக்கு யார் சொல்வார்? வேலிகள் மதில்களாகிவிட்டன. மதிலுக்கு அப்பால் நோக்கச் சுவரேற வேண்டியதில்லை. வாயிலில் நின்று ஸலாம் சொன்னால் போதும். வீரமுனைக்கும் சம்மாந்துறைக்கும் இடையே மதில்கூட இல்லை. நடந்து செல்லும் தூரமே உண்டு. எங்கள் பிள்ளைகள் இரு பக்கத்துக் கணக்கையும் ஒரே ஏட்டில் படிக்கும்படி செய்வது ஆசிரியர்களாகிய எங்களுடைய காவல்.

இன்றிரவும் எங்கள் வட்டைகளில் பரண்களில் யாரோ விழித்திருப்பார்கள். ஒருவன் கூவுவான், அடுத்தவன் மறுமொழி தருவான். உறங்குமுன் நம் அன்றைய கணக்கை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு, நாமும் ஒரு குரல் கொடுத்துப் பார்ப்போம். மறுமொழி வராத திசையை நோக்கி நாளைக் காலையிலே நடப்போம்.